ஜாக்கி தூக்கும், தாங்காது

பிரேக் பேடு மாற்றக் கற்றுக்கொடுங்கள் என்று போய் நின்ற என்னிடம் மாமா முதலில் நீட்டியது ஸ்பேனர் இல்லை; இரண்டு வேப்பங்கட்டைகள். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி, இழுத்தெடுக்க வாகாகக் கயிறு கட்டியிருந்தார். "இது இல்லாட்டி என்ன ஆகும்னு சொல்லு ஆத்தா, அப்புறம் மத்த சாமானைத் தொடு."

வண்டி உருளும் என்றேன். "ஹேண்ட் பிரேக்தான் போட்டிருக்கியே, எப்படி உருளும்?" என்று திருப்பிக் கேட்டார். என்னுடையது பழைய வேகன்-ஆர். அதில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் வண்டியை நகரவிடாமல் வைத்திருப்பவை அந்த இரண்டு சக்கரங்களும் அவற்றுக்குப் போகும் கேபிளும்தான். கேபிள் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பின் சக்கரத்தைத் தூக்கினாலோ பாதிப் பிடி அந்தரத்தில் போய்விடும். ஆகவே கட்டை. இதை நானே யோசித்துச் சொல்லி முடிக்கும்வரை அவர் வேறு பெட்டியைத் திறக்கவில்லை.

அவர் கற்றுக்கொடுக்கும் விதமே அப்படி. இந்தக் கருவி எதைக் கழற்றும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். இது கையில் இல்லாவிட்டால் என்ன கெடும் என்று சொல்ல வேண்டும். கைபேசியில் நான் பார்த்துவிட்டுப் போன காணொளிகளில் எல்லாம் கருவிகள் கடைச் சாமான் பட்டியல் மாதிரி வந்தன. மாமாவிடம் அதே பட்டியல் ஆபத்துகளின் வரிசையாக வந்தது. எது முதலில் கெடுமோ அதற்கான கருவி முதலில்.

மாமா உறவுக்காரர் இல்லை. ஆனையூரில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவர் மாமா. அரசு பஸ் டெப்போவில் பிரேக் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, தெரிந்தவர்கள் வண்டியை மட்டும் பார்க்கிறார். நான் பம்புசெட் கடையில் கணக்கு எழுதுகிறவள். பிரேக்கை மிதித்தால் முன்பக்கத்திலிருந்து 'கிரீச்' என்று கேட்க ஆரம்பித்ததும் அவரிடம் கொண்டு போனேன். "மாத்தித் தரவா, கத்துக்கிறியா?" என்று விளையாட்டாகக் கேட்டார். கற்றுக்கொள்கிறேன் என்று நான் சொன்னதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டைக்கு அடுத்தது பலகை. ஆனையூர் 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன்பு நகராட்சி, அதற்கும் முன்பு கண்மாயும் வயலுமாகக் கிடந்த ஊர். வயலைப் பிளாட் போட்டுத்தான் பாதித் தெருக்கள் வந்தன. மழை பெய்த மறுநாள் இந்த மண்ணில் ஜாக்கியை வைத்துத் திருகினால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். சிமெண்டு வாசல் இருந்தால் அங்கே நிறுத்து, சரிவு இருக்கக் கூடாது, சிமெண்டே ஆனாலும் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை ஒன்றைப் போடு என்றார். வாசல் சரிவாக இருக்கிற வீட்டில் பிரேக் வேலையே செய்யாதே என்பது அவருடைய தீர்ப்பு. எங்கள் வீட்டு வாசல் மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தெருப்பக்கம் சரித்துக் கட்டியது. அதனால் 'வீட்டில் செய்யும் வேலை' எனக்கு இன்றுவரை மாமா கொட்டகையில் செய்யும் வேலைதான்.

பிறகு ஜாக்கி. வண்டியோடு வருகிற கத்தரி ஜாக்கி நடுவழியில் பஞ்சரானால் டயர் மாற்றுவதற்கானது. கதவுக்குக் கீழே விளிம்புத் தகட்டில் வெட்டுக்குறிகள் இருக்கும். அவற்றுக்கு இடையில்தான் அது உட்கார வேண்டும். தள்ளி வைத்தால் தகடு மடங்கும். கொட்டகையில் இருப்பது சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கி. எதுவானாலும் மாமாவுக்கு ஒரே நியாயம்: ஜாக்கி தூக்கும், தாங்காது. தாங்குவதற்கு ஸ்டாண்டு. முக்காலி போல விரிந்த காலும், உயரத்தை மாற்றிப் பூட்டும் பல்லும் உள்ள இரும்பு ஸ்டாண்டு ஒரு ஜோடி. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் கசிந்தால் போதும், எண்ணூறு கிலோவுக்கு மேல் உள்ள வண்டி மெல்ல இறங்கும், சில சமயம் மெல்லக்கூட இல்லை. ஸ்டாண்டில் கசிய ஒன்றும் இல்லை. செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைக்கிறவர்களை அவர் திட்டுகிற திட்டு அச்சில் ஏறாது. சிமெண்டுக் கல் பாரத்தில் வளைந்து எச்சரிக்காது. ஒரே நொடியில் நொறுங்கும்.

ஸ்டாண்டில் வண்டியை இறக்கிய பிறகு, பக்கவாட்டில் கை வைத்து ஒரு குலுக்கு குலுக்கிப் பார்க்கச் சொன்னார். விழுவதாக இருந்தால் நாம் அடியில் கை விடுவதற்கு முன்பே விழட்டும். கழற்றிய சக்கரத்தை ஓரமாகச் சாய்த்து வைக்காமல், வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்கப்போட வேண்டும். ஸ்டாண்டும் போனால் டயர் இருக்கிறது.

இவ்வளவும் ஆனபின்தான் ஸ்பேனர் பெட்டி திறந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சக்கர நட்டுக்கு 19 அளவு. ஜாக்கியால் தூக்குவதற்கு முன்பே, டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிட வேண்டும். தூக்கியபின் முக்கினால் வண்டி ஆடும். பேடுகளை டிஸ்க்கில் அமுக்கும் காலிப்பரின் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலான சிறு கார்களில் 12 அல்லது 14. ரிங் ஸ்பேனரோ பாக்ஸோ போட வேண்டும். டபுள் எண்டு ஸ்பேனர் வழுக்கினால் போல்ட்டின் மூலை மழுங்கும், கைமுட்டி டிஸ்க்கில் போய் இடிக்கும். ஒரு தட்டையான திருப்புளி, ஒரு வயர் பிரஷ், ஒரு டார்ச். தீர்ந்தது.

காலிப்பரின் கீழ்ப் போல்ட்டை எடுத்துவிட்டு மேலே தூக்கினாலே பல வண்டிகளில் பேடு கைக்கு வந்துவிடும். சிலவற்றில் முழுதாகக் கழற்ற வேண்டும். அப்போது தேவைப்படுவது பெட்டியிலேயே மலிவான சாமான்: கட்டுக்கம்பி. கம்பி கட்டுகிறவர்களிடம் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். அதை எஸ் போல வளைத்து, காலிப்பரை மேலே இருக்கும் ஸ்பிரிங்கில் மாட்டித் தொங்கவிட வேண்டும். கம்பி இல்லையென்றால் காலிப்பர் எதில் தொங்கும்? பிரேக் ஆயில் வருகிற ரப்பர் ஹோஸில். அதன் உள்ளே நெய்த இழை இருக்கிறது. பாரம் இழுத்து உள்ளிழை விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. பல மாதம் கழித்து ஏதோ ஒரு நாள் அவசரமாக மிதிக்கும்போது தெரியும். மாமாவின் கேள்விக்கு நான் திக்காமல் பதில் சொன்ன முதல் கருவி இந்தக் கம்பிதான்.

கழற்றிய பேடைக் கையில் வாங்கியவர் ஸ்டீல் ஸ்கேலை என்னிடம் கொடுத்தார். புதிதில் உராய்வுப் பொருள் மட்டும் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு, மூன்றுக்கு வந்தால் மாற்ற வேண்டும். என்னுடையதில் உள்பக்கத்துப் பேடு வெளிப்பக்கத்தைவிட நன்றாகத் தேய்ந்திருந்தது. கத்தியது யார் என்பதும் அப்போது தெரிந்தது. பேடின் முதுகில் ஒரு சின்னத் தகரக் கொக்கி இருக்கிறது. பேடு தேய்ந்து தீரும் நேரத்தில் அது டிஸ்க்கில் உரசிக் கத்த வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். பிரேக் சத்தம் என்றால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அந்தக் கொக்கியின் பேச்சை யாரும் கேட்பதில்லை.

உள்பேடு மட்டும் அதிகம் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் காலிப்பர் நழுவி ஓடுகிற இரண்டு பின்கள். காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் உள்பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் பின்வாங்கி வெளிப்பேடை இழுத்து டிஸ்க்கில் அமுக்கும். பின் இறுகிப்போனால் காலிப்பர் நகராது, உள்பேடே எல்லா வேலையும் செய்யும். பின்னை உருவி, துடைத்து, கிரீஸ் போட வேண்டும். இங்கேதான் மாமா குரல் உயர்ந்தது. வீல் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ் டப்பாவைத் தொடாதே! பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் உறை, பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல் எல்லாம் பிரேக் ஆயிலைத் தாங்கும் ரப்பர். பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் பட்டால் அது உப்பிவிடும். உப்பிய ரப்பர் பின்னைக் கவ்விப்பிடித்தால் புதுப் பேடும் அதே கதிதான். சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டியூப் போதும், வருடக்கணக்கில் வரும். சாமானைப் பெட்ரோலில் அலசும் பழக்கம் கொட்டகைகளில் இருக்கிறது. பிரேக்கில் அதைச் செய்கிறவனிடம் வண்டியை விடாதே என்று மாமா சொல்வதை நான் இப்போது நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழைய பேடு மெலிந்தது, புதியது தடித்தது. தடித்தது உள்ளே போக வேண்டுமானால் வெளியே வந்து நிற்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இதற்கென்றே விற்கும் கருவி உண்டு. மாமாவிடம் இருப்பது தச்சர்கள் பலகை ஒட்டப் பிடிக்கும் சி கிளாம்ப். பிஸ்டன் முகத்தில் பழைய பேடை வைத்து, அதன்மேல் கிளாம்பைப் பொருத்தி, கால் சுற்று, கால் சுற்றாகத் திருகினேன். திருப்புளியை விட்டு நெம்பினாலும் பிஸ்டன் போகும்தான். ஆனால் கோணலாகப் போனால் சீல் கிழியும், டிஸ்க்கில் கீறல் விழும்.

கிளாம்பைத் திருகும்போது கண் காலிப்பரில் இருக்கக் கூடாதாம், பானெட்டுக்குள் இருக்க வேண்டுமாம். பேடு தேயத் தேய பிஸ்டன் முன்னால் வரும், அந்த இடத்தை நிரப்ப மேலே டப்பாவில் ஆயில் குறையும். குறைந்ததைப் பார்த்து யாராவது நல்லெண்ணத்தில் ஊற்றி நிரப்பி வைத்திருப்பார்கள். இப்போது பிஸ்டனைத் தள்ளினால் அந்த ஆயில் எல்லாம் திரும்பி மேலே வந்து வழியும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். அதனால் முதலிலேயே மருந்துக்கடை ஊசிச் சிரிஞ்சு ஒன்றால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், டப்பாவைச் சுற்றிப் பனியன் வேஸ்ட் சுருட்டி வைக்க வேண்டும். சிந்திவிட்டால் துடைப்பதைவிடத் தண்ணீர் ஊற்றுவது நல்லது. அந்த ஆயில் தண்ணீரில் கரையும்.

கரையும் என்பதே அதன் பலவீனமும்கூட. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரம்; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. கொடைக்கானல் இருப்பது ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து வத்தலக்குண்டுக்குப் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் பேடும் டிஸ்க்கும் காய்ந்து, சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதையில் எழுதி வைத்திருப்பதன் உட்பொருள் இதுதான். மூடியில் என்ன டாட் எண் அச்சிட்டிருக்கிறதோ அதையே ஊற்று, திறந்து பல மாதம் ஆன டப்பாவை ஊற்றாதே என்பதோடு மாமா அந்தப் பாடத்தை முடித்துக்கொண்டார்.

தூசிப் பாடம் வேறு விதம். டெப்போவில் அவர் சேர்ந்த காலத்தில் பஸ்ஸின் டிரம்மைக் கழற்றி, ஷூவில் தேய்ந்த லைனரை எடுத்துவிட்டுப் புது லைனரை ரிவெட் அடிப்பார்கள். உள்ளே அடைந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவார்கள். அன்றைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. "வாயாலேயும் ஊதியிருக்கோம் ஆத்தா" என்று மட்டும் சொன்னார். இப்போது கொட்டகையில் ஊதல் கிடையாது. முகக்கவசம் போட்டு, பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து, ஈரத் துணியில் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். பேடு வாங்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தப் பாடத்தில் சேரும். பேர் தெரியாத பெட்டி கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். கிடைக்கட்டும்.

உராய்வுப் பொருளின் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1888-இல் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டிப் போனார். வழியில் மரப் பிரேக் கட்டை தேய்ந்துவிட, ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்திக் கட்டையின்மேல் தோலை அடிக்கச் சொன்னார். பிரேக் லைனர் பிறந்தது அந்தப் பட்டறையில்தான் என்பார்கள். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "தோலை ஆணியில அடிச்சாங்களா, ரிவெட்டுலயா?" ஆணி என்றேன். திருப்தியில்லாமல் தலையாட்டினார்.

அவருக்கு நெருக்கமான வரலாறு அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது. கொட்டகை அலமாரியில் பழைய லைனர் பெட்டிகளை ஆணி, வாஷர் போட்டு வைத்திருக்கிறார். பாடியில் 1962-இல் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூரின் ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று பெயர்கள். கடைசியில் சொன்னதற்கு நமக்குப் பக்கத்திலேயே, விருதுநகர் மாவட்டம் முஷ்டக்குறிச்சி அருகே ஆலை இருக்கிறது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனத்துக்கு இன்றும் மதுரை மேல வெளி வீதி முகவரி. கோச்சடையில் ஃபென்னர் பெல்ட், வெள்ளரிப்பட்டியில் டயர். வண்டி ஓடவும் நிற்கவும் தேவையான ரப்பரில் பாதி நம் ஊரைச் சுற்றித்தான் வேகிறது என்பார் மாமா. பாதி என்பது அவர் கணக்கு, நான் சரிபார்க்கவில்லை.

புதுப் பேடு மாட்டுவது சுலபம். முதுகில் மட்டும் மெல்லிய கிரீஸ், முகத்தில் விரல்கூடப் படாமல் பிடிப்பது, டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைப்பது. டிஸ்க்கின் ஓரத்தில் இதற்குக் கீழே தேயக் கூடாது என்று ஒரு எண் பொறித்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்வது. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் கட்டாயம். இல்லாவிட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

முறுக்குவதில்தான் கடைசிக் கருவி வந்தது: டார்க் ரெஞ்ச். மாமாவுக்கு அது தேவையில்லை. அவர் கை அறியும். எனக்காக யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருந்தார். சக்கர நட்டுக்குப் பெரும்பாலான சிறு கார்களில் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் ஒரு அளவு கையேட்டில் இருக்கும். காலிப்பர் போல்ட்டுக்கு அதைவிட மிகவும் குறைவு. இரண்டையும் ஒரே ஆவேசத்தோடு முறுக்கினால் சின்னப் போல்ட்டின் மரை போய்விடும். புதிதாகக் கற்பவர்கள் தளர்வாக விட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள்; பயத்தில் அளவுக்கு மீறி முறுக்குவதையே தான் அதிகம் பார்த்ததாக மாமா சொன்னார். நட்டுகளை ஒன்று விட்டு ஒன்றாக, எதிரெதிரே முறுக்கி, டயர் தரையில் இறங்கியபின் கடைசி இறுக்கு.

எஞ்சினைத் தொடுவதற்கு முன் பெடலை மிதிக்கச் சொன்னார். முதல் மிதியில் கால் தரைவரை போனது. பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் திரும்ப வந்து பேடைத் தொடும்வரை அப்படித்தான் போகும். இதை மறந்து வண்டியை ரிவர்ஸ் எடுத்தால் தெருவில் போகிறவர்தான் பிரேக். பெடல் கெட்டியாகும்வரை மிதித்து, ஆயில் மட்டம் பார்த்து, பிறகுதான் சாவி. விடிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அலங்காநல்லூர் சாலைக்குப் போனோம். மணிக்கு ஐம்பது, அறுபதில் போய் மிதமாக மிதித்து, முழுக்க நிறுத்தாமல் விட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி மிதித்துப் பேடையும் டிஸ்க்கையும் பழக்கினோம். ஒரு வாடை வந்தது. புதுப் பேடுக்கு அது வரும் என்றார்.

இவ்வளவு சொல்லிக்கொடுத்தவர் சிலவற்றைத் தொடக் கூடாது என்று கையெழுத்து வாங்காத குறையாகச் சொல்லியிருக்கிறார். ஹோஸைக் கழற்றுவது, மாஸ்டர் சிலிண்டர், ஏ.பி.எஸ். பெட்டி எதுவும் வீட்டு வேலை இல்லை. ஹோஸ் இணைப்பைத் திறந்தால் காற்று நுழையும், அப்புறம் ஏர் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டாவது ஆளும் பொறுமையும் வேண்டும். பின்பக்கமும் டிஸ்க் உள்ள வண்டிகளில் சிலவற்றில் பிஸ்டனைத் திருகிக்கொண்டே தள்ள வேண்டியிருக்கும். எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால் ஸ்கேனர் போட்டு மோட்டாரைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். அங்கே சி கிளாம்பைப் போட்டால் காலிப்பரே போய்விடும்.

இப்போது எனக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. ஸ்டாண்டு ஜோடிதான் நான் காசு போட்டு வாங்கிய முதல் சாமான். ஸ்பேனர்கள் வீட்டில் ஏற்கெனவே கிடந்தவை. டார்க் ரெஞ்சுக்கு இன்னும் மனசு வரவில்லை, இரவல்தான். ஓரளவு ஓட்டியபின் நட்டுகளை மறுபடி சரிபார்க்க அதை வாங்கப் போனபோது, கழற்றிப்போட்ட பழைய பேடுகளை என்ன செய்தாய் என்று கேட்டார். இரும்புக் கடைக்குப் போடலாம் என்று எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னேன். மூன்றைப் போடு, ஒன்றைத் துடைத்துப் பெட்டியில் வை என்றார். அடுத்த தடவை பிஸ்டனைத் தள்ளும்போது கிளாம்புக்கு அடியில் வைக்க அளவான தகடு கடையில் கிடைக்காது.